மசாலாத் தொழிற்சாலையில் கோபாட் பொருத்த நாங்கள் பட்ட பாடு

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் உள்ள எங்கள் மசாலாத் தொழிற்சாலையில், அட்டைப்பெட்டிகளைப் பேலட் எனும் சரக்குப் பலகையில் அடுக்கும் கோபாட், அதாவது ஊழியர்களுக்கு அருகிலேயே நின்று வேலை செய்யும் ரோபோ கை, ஒருவழியாக ஓடத் தொடங்கிவிட்டது. மானியப் பணமும் வங்கிக்கு வந்துவிட்டதால் இப்போதுதான் நிம்மதியாக உட்கார்ந்து எழுத முடிகிறது. விற்பனையாளரிடம் பேசியது முதல் பாதுகாப்பு ஆவணங்கள் வரை எல்லாவற்றுக்கும் நானே அலைந்தேன் என்பதால், இதில் இறங்கப்போகும் சிறு நிறுவனங்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

செயல்விளக்கம் பார்க்கப் போகும்போது உங்கள் சரக்கையே எடுத்துச் செல்லுங்கள். விற்பனையாளரின் கூடத்தில் அந்தக் கை காலிப் பெட்டிகளை அழகாக அடுக்கிக் காட்டியது. நாங்கள் கொண்டுபோன பெட்டியில் ஒரு கிலோ மஞ்சள்தூள் பாக்கெட்டுகள் பத்து இருந்தன. அதை வைத்ததும் எடை மீறிவிட்டதாக எச்சரிக்கை காட்டி நின்றுவிட்டது. 12 கிலோ தூக்கும் என்று விலைப்புள்ளியில் போட்டிருந்தார்கள். அந்த 12 கிலோவுக்குள், கையின் முனையில் பெட்டியை உறிஞ்சிப் பிடிக்கும் கிரிப்பரின் எடையும் அடங்கும் என்பதை அதுவரை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அடுத்த பெரிய ரகத்தை வாங்கச் சொன்னார்கள். நாங்கள் வாடிக்கையாளர்களிடம் பேசி, பெட்டிக்கு எட்டுப் பாக்கெட் என்று மாற்றிக்கொண்டோம்.

அடுத்து முன்பணம். மாத இறுதிக்குள் ஒரு தொகை கட்டினால்தான் இந்த விலை என்று நெருக்கினார்கள். நாங்கள் நம்பியிருந்தது அரசு அமைப்பான என்டர்பிரைஸ் சிங்கப்பூரின் நிறுவன மேம்பாட்டு மானியத்தை. நாங்கள் விண்ணப்பித்தபோது சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்குத் தகுதிபெறும் செலவில் 50 விழுக்காடு வரை கிடைத்தது. விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலோ பணம் கட்டினாலோ அந்தத் தகுதி போய்விடும். “சின்னத் தொகைதானே சார், வேண்டாம் என்றால் திருப்பித் தந்துவிடுகிறோம்” என்றார் விற்பனையாளர். நான் அசைந்து கொடுக்கவில்லை. விலைப்புள்ளியை மட்டும் வாங்கிக்கொண்டு, நிறுவனங்களுக்கான மின்னிலக்க அடையாளமான கார்ப்பாஸ் மூலம் உள்நுழைந்து இணையத்தில் விண்ணப்பித்தோம், கேட்ட விளக்கங்களைக் கொடுத்தோம், ஒப்புதல் வந்தது. விலை ஒரு காசும் ஏறவில்லை.

உண்மையான போராட்டம் இயந்திரம் வந்து இறங்கிய பிறகுதான். ‘கோபாட் பாதுகாப்பானது, வேலியே தேவையில்லை’ என்பது விற்பனையாளர்கள் தவறாமல் சொல்வது. அவர்கள் கொடுத்த அபாய மதிப்பீட்டைப் பிரித்துப் பார்த்தால், மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் திருகாணி முடுக்கும் வேலைக்காக எழுதியதில் எங்கள் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். அட்டைப்பெட்டி என்ற சொல்லே அதில் இல்லை. அனைத்துலக ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி 2023இல் சிங்கப்பூரின் உற்பத்தித் துறையில் 10,000 ஊழியர்களுக்கு 770 ரோபோக்கள் இருந்தன. உலகில் தென்கொரியாவுக்கு அடுத்த இடம், அதாவது இங்கே ரோபோ அனுபவத்துக்குக் குறைவில்லை. ஆனால் மின்னணுத் துறையில் பெற்ற அனுபவத்தை அப்படியே மசாலாத் தொழிற்சாலையில் இறக்கிவைக்க முடியாது. வேலையிடப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி அபாய மதிப்பீட்டுக்குப் பொறுப்பு முதலாளியே. மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும், வேலைமுறை பெரிதாக மாறும்போதும் அதை மறுஆய்வு செய்ய வேண்டும். விற்றவர் காகிதம் தந்தார் என்று நாம் கைகழுவிவிட முடியாது.

எங்கள் பேக்கிங் வரிசையில் இருக்கும் அக்கா உயரம் குறைந்தவர். தம் வழக்கமான இடத்தில் நின்றபடி, “தம்பி, மேல் அடுக்கு வைக்கும்போது பெட்டி என் கன்னத்துக்கு நேராகப் போகிறது, பாருங்கள்” என்று காட்டினார். பெட்டியின் முனை அவர் முகத்தின் உயரத்திலேயே வீசிச் சென்றது. கோபாட்டுகளுக்காக அனைத்துலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 2016இல் வெளியிட்ட டிஎஸ் 15066 ஆவணம், உடலின் எந்தப் பகுதியில் எவ்வளவு விசை வரை தாங்கலாம் என்று வரையறுப்பதோடு, முகத்திலும் தலையிலும் மோதல் நேராமல் இயன்றவரை தடுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. வந்திருந்த பொறியாளர் வெறுங்கையோடு இருந்த இயந்திரத்தை உள்ளங்கையால் தொட்டு நிறுத்திக் காட்டினார். அதையே பெட்டியைப் பிடித்திருக்கும்போது, விலைப்புள்ளியில் சொன்ன வேகத்தில் செய்துகாட்டுங்கள் என்று கேட்டேன், அவர் முன்வரவில்லை. உறிஞ்சுவிசை போய்ப் பெட்டி காலில் விழுந்தால், மோதினால் நிற்கும் அந்த வசதியால் என்ன பயன்?

கடைசியில் தரையை ஒட்டி லேசர் ஸ்கேனர்கள் பொருத்தப்பட்டன. ஆள் நெருங்கினால் கை வேகம் குறையும். இன்னும் நெருங்கினால் நின்றுவிடும். அதன் விளைவாக, நிமிடத்துக்கு இத்தனை பெட்டி என்று வாக்களித்த கணக்கு சரிந்தது, ஏனென்றால் அது முழுவேகத்தில், அருகே யாருமே வராத நிலையில் போட்ட கணக்கு. ஊழியர் நடைபாதையை மறுபக்கத்துக்கு மாற்றிய பிறகே ஓரளவு மீண்டது. பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்த வேகத்தை, கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

மிளகாய்த்தூள் தனிக்கதை. பெட்டியின் மேல் படியும் மெல்லிய தூளால் சக்‌ஷன் கப்புகள் பிடி நழுவின. உறிஞ்சுகுழாயின் வடிகட்டியும் அடைத்துக்கொண்டது. காற்றடித்து ஊதிவிடலாம் என்றார் பொறியாளர். மிளகாய்த்தூளை ஊதினால் வரிசையில் ஒருவரும் கண்ணைத் திறக்க முடியாது என்று அக்கா ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். இப்போது ஒரு தூரிகையும் அதனோடு சேர்ந்த உறிஞ்சியும் பெட்டியைத் துடைத்து அனுப்புகின்றன. வடிகட்டியை வேலை தொடங்கும் முன் தினமும் சுத்தம் செய்கிறோம்.

இறுதியாக, பணத்தைத் திரும்பக் கோரும் கட்டம். செலவு செய்துவிட்டுத்தான் மானியத்தைப் பெற முடியும், ஆகவே ரசீதுகள் சுத்தமாக இருக்க வேண்டும். விற்பனையாளர் தந்த விலைப்பட்டியலோ எங்கள் பதிவுபெற்ற நிறுவனப் பெயருக்குப் பதிலாக மசாலாவின் வணிகப் பெயரில் இருந்தது. இனி மாற்ற இயலாது என்று அவர்களுடைய கணக்குப் பிரிவு ஊழியர் கைவிரித்தார். ஆவணங்கள் அனைத்தும் சரியாக வந்த பிறகே இறுதித் தவணை என்று ஒப்பந்தத்தில் நான் வற்புறுத்திச் சேர்த்திருந்த வரி அன்று கைகொடுத்தது. அதைச் சுட்டிக்காட்டியதும், மாற்ற முடியாதென்ற விலைப்பட்டியல் சரியான பெயரோடும் பதிவு எண்ணோடும் மறுநாளே மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது.