பாதாளத்தில் தாகம் எடுக்கும்

கிரேக்கப் புராணத்தை வைத்து ஒரு ரோல்பிளேயிங் சாகசம் (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) நடத்தப் போகிறேன் என்றதும் எங்கள் குழுவில் எல்லோரும் கேட்டது, "மெடூசா உண்டா?" என்றுதான். கிடையாது என்றேன். 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டு வந்ததிலிருந்து பாம்புக் கூந்தல் மெடூசா, காளைத் தலை மினோட்டார், சிறகுள்ள குதிரை பெகாசஸ் எல்லாம் காட்டுப்பன்றி மாதிரி கூட்டமாகத் திரிகிற இனங்களாகிவிட்டன. கிரேக்கர்களுக்கு மெடூசா ஒருத்திதான். கோர்கன் சகோதரிகள் மூவரில் சாகக்கூடியவள் அவள் மட்டும், அவள் தலையையும் பெர்சியஸ் வெட்டியாயிற்று, அந்தக் கழுத்திலிருந்துதான் பெகாசஸே பிறந்தது. மறுபடியும் அவளை எழுப்பி, இருபது முகப் பகடையை உருட்டி உருட்டி அடித்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

எனக்குப் பிடித்தது பாதாளம். செத்தவர்களின் அரசன் ஹேடிஸின் ஊருக்குள் பல்லுக்கும் நகத்துக்கும் பயப்படுவதைவிட அங்கே இருக்கிற விதிகளுக்குத்தான் பயப்பட வேண்டும், அதை அப்படியே விளையாட்டாக்கினால் என்ன என்று தோன்றியது.

நுழைவாயிலாக, தெற்கு கிரீஸில் உள்ள பெலப்பொனீசின் தென்முனையில் இருக்கும் டைனரான் குகையை வைத்தேன். மாவீரன் ஹெரக்ளீஸ் பாதாளத்தின் காவல் நாய் செர்பரஸை இழுத்து வந்தது இந்த வழியாகத்தான் என்று சொல்வார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய் எழுதிய பௌசானியஸ், இந்தக் குகையிலிருந்து பூமிக்கு அடியில் எந்த வழியும் போகவில்லை என்று எழுதிவிட்டார். கூடவே, அது நாயே இல்லை, கடித்தால் உடனே ஆளை முடித்துவிடுகிற பாம்பு, அதனால்தான் ஹேடிஸின் நாய் என்று பேர் வந்தது என்று அவருக்கு முந்தைய எழுத்தாளர் ஹெகடேயஸ் சொன்னதையும் சேர்த்துவைத்தார். இந்த மனுஷனை விட மனசு வரவில்லை. குகை வாசலில் ஒரு வழிப்போக்கராக நிற்கவைத்து, "உள்ளே ஒன்றும் இல்லை, திரும்பிப் போங்கள்" என்று சொல்லவைத்தேன். நம்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பலாமா என்று ஒரு பெரிய விவாதமே நடந்தது.

அடுத்து, ஹோமரின் ஒடிசி காவியத்தில் 11-ஆம் காண்டத்தில் நாயகன் ஒடிசியஸ் செத்தவர்களை அழைக்கச் செய்யும் சடங்கு. முழ நீள அகலத்தில் குழி, அதைச் சுற்றித் தேன் கலந்த பால், அப்புறம் ஒயின், அப்புறம் தண்ணீர், மேலே பார்லி மாவு, கடைசியில் ஆட்டு ரத்தம். ரத்தத்துக்கு ஆவிகள் மொய்க்கும். செத்துப்போன குறிசொல்லி டைரீசியஸ் குடிக்கும்வரை வேறு யாரையும் அண்டவிடாமல் வாளை நீட்டித் தடுக்க வேண்டும். ஒடிசியஸ் தன் அம்மா ஆன்டிக்ளியா வந்தும் விடுவதில்லை, அவள் செத்துப்போனதே அவனுக்கு அங்கேதான் தெரிகிறது. எங்கள் வாள்வீரனுக்கும் அவன் அம்மாவையே அனுப்பினேன். "எத்தனை உருட்டணும்?" என்று கேட்டான். உருட்ட வேண்டாம், வாளை நீட்டுகிறாயா இல்லையா, அதை மட்டும் சொல் என்றேன். நீட்டினான், ஆனால் அதற்கு முன்னால் என்னை நன்றாகத் திட்டினான்.

உள்ளே போனதும் ஆட்டக்காரரின் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் உயிர்ப் புள்ளிகளுக்குப் பதில் தாகப் புள்ளிகள். இந்த யோசனை என்னுடையதில்லை, பழைய கிரேக்கர்கள் செத்தவர்களோடு புதைத்த, எழுத்துப் பொறித்த தங்கத் தகடுகளில் இருப்பது. தெற்கு இத்தாலியில் ஹிப்போனியனில் ஒரு பெண்ணின் கல்லறையில் கிடைத்த தகடு, வெள்ளை சைப்ரஸ் மரம் நிற்கும் ஊற்று வலப்பக்கம் வரும், அதன் கிட்டேகூடப் போகாதே என்கிறது. தள்ளிப் போனால் நினைவின் ஏரி. காவலர்கள் கேட்டால், "நான் பூமிக்கும் விண்மீன் வானத்துக்கும் பிறந்த பிள்ளை, தாகத்தில் சாகிறேன், தண்ணீர் கொடுங்கள்" என்று சொல்ல வேண்டும். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பெட்டேலியா தகட்டிலும் கிட்டத்தட்ட இதே பேச்சுதான், ஆனால் அதில் அந்த ஊற்று இடப்பக்கம்!

இரண்டு தகட்டின் வாசகங்களையும் இரண்டு பேருக்குத் தனித்தனியாக அனுப்பிவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். நீ பொய் சொல்கிறாய், இல்லை நீதான் என்று ஆரம்பித்த சண்டை, தாகப் புள்ளிகள் ஏற ஏற முற்றியது. இரண்டிலும் மரம் ஒன்றுதானே என்று எங்கள் வைத்தியக்காரி கடைசியில் கவனித்தாள், ஆனால் அதற்குள் வில்லாளி அந்த மரத்தடி ஊற்றில் குடித்துவிட்டான், நினைவெல்லாம் போயிற்று. அவன் பாத்திரத்தின் விவரங்கள் எழுதிய கேரக்டர் ஷீட்டை அழித்துவிட்டேன், பெயர் உட்பட. புதுக் கேரக்டர் எடுத்துக்கொள் என்றால் மாட்டேன் என்கிறான், தன் ஷீட்டில் என்ன இருந்தது என்று மற்றவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே ஆடுவானாம். அவர்களோ அவன் ஒரு சமையல்காரன் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்கள்.