முதல் டிக் மெஷின் வாங்கிய கதை

எனக்கு வேண்டியிருந்தது எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பிலும் 1.5 மிமீ தகட்டிலும் சின்னச் சின்ன வெல்டிங் வேலை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை கார் ஷெட்டில். டிக் மெஷின் என்றால் டங்ஸ்டன் கம்பி முனையில் வரும் மின்பொறியால் (ஆர்க்), ஆர்கான் கேஸ் காவலில் உலோகத்தை உருக்கி ஒட்டும் வெல்டிங் மெஷின். கடையில் அதைக் கேட்டால் எத்தனை ஆம்ப் என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. ஆனால் வீட்டுக்கு வாங்குகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அலுமினியம் ஒட்டப் போகிறோமா என்பதை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், மேலே படிந்த ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும், அந்தப் படலத்தை உடைக்கத்தான் ஏசி கரண்ட். எஸ்எஸ், எம்எஸ் (சாதா இரும்பு) இரண்டுக்கும் டிசி போதும். என்றைக்காவது பைக் இன்ஜின் கவர் ஒட்டலாமே என்று ஆசை வந்தது உண்மைதான், ஆனால் அந்த 'என்றைக்காவது'க்காக ஏசி-டிசி மெஷின் விலையைக் கொடுக்க மனசு வரவில்லை.

சரி, டிசி என்றானதும் சாதா ஆர்க் மெஷினில் (ராடு வைத்து ஒட்டுவது) கேஸ் வால்வு வைத்த டிக் டார்ச்சை, அதாவது டங்ஸ்டனைப் பிடித்திருக்கும் கைப்பிடியை, மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வரும், விலையும் குறைவு. அதில் டங்ஸ்டனை உரசித்தான் பற்றவைக்க வேண்டும், முனை கெட்டுக்கொண்டே இருக்கும், கேஸும் கையால்தான் திறந்து மூட வேண்டும். எச்எஃப் (ஹை ஃப்ரீக்வென்சி) ஸ்டார்ட் உள்ளதில் பட்டனை அழுத்தினால் தொடாமலே ஆர்க் பிடிக்கும், ஆர்க் நின்ற பிறகும் சில விநாடி கேஸ் வந்து சூடான டங்ஸ்டனைக் காக்கும். நான் எடுத்தது எச்எஃப் உள்ள 200 ஆம்ப் இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின்.

வீட்டு சிங்கிள் ஃபேஸ் தாங்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டிக்கில் ஆர்க் வோல்டேஜ் குறைவு என்பதால் அதே ஆம்பில் ராடு வெல்டிங்கை விட வீட்டு லைனிலிருந்து கரண்ட் குறைவாகத்தான் இழுக்கும். 1.5 மிமீ தகட்டுக்கு 60 ஆம்ப் பக்கம்தான் வைக்கிறேன், 16 ஆம்ப் பிளக்கிலேயே ஓடுகிறது. 200 வைத்து ஓட்டுவதாக இருந்தால் தனி லைன் இழுக்க வேண்டும்.

மெஷின் விலையையே பார்த்துக்கொண்டு கேஸை மறந்துவிடாதீர்கள். சுத்த ஆர்கான்தான், மிக் வெல்டிங்குக்கு (கம்பிச் சுருள் தானாக வந்து ஒட்டும் முறை) வரும் சிஓ2 கலந்த கேஸ் ஆகாது, டங்ஸ்டன் பாழாகிவிடும். 10 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 1500 லிட்டர் கேஸ், நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் 3 மணி நேர ஆர்க், அவ்வளவுதான். காற்றடித்தால் கேஸ் கலைந்துவிடும், ஃபேனை நிறுத்திவிட்டு வேர்த்துக் கொட்டத்தான் வேண்டும். டங்ஸ்டனில் சிவப்பு முனை தோரியம் கலந்தது, லேசான கதிரியக்கம் உண்டு, தீட்டும்போது வரும் தூசு மூக்கில் போகக்கூடாது, அதனால் நீல முனை லாந்தனம் வாங்கினேன், 1.6 மிமீ.

ஒட்டும்போதே ஆம்பைக் கூட்டிக் குறைக்கும் கால் பெடல் இப்போதே வேண்டாம், ஆனால் மெஷினில் அதற்கு சாக்கெட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.