அந்த 90 அடி

2004-ல அமெரிக்க பேஸ்பால் அணி பாஸ்டன் ரெட் சாக்ஸ் 86 வருஷம் கழிச்சு பட்டம் ஜெயிச்சதுன்னா எல்லாரும் டேவிட் ஆர்ட்டீஸைத்தான் சொல்றாங்க. என் ஓட்டு டேவ் ராபர்ட்ஸுக்கு.

இறுதித் தொடருக்கு முந்தின தொடர், முதல்ல நாலு ஆட்டம் ஜெயிக்கிற அணிக்கு வெற்றி; எதிரணி யாங்கீஸ் 3-0 முன்னிலை. முந்தின நாள்தான் 19-8னு உதை. நாலாவது ஆட்டம், 9வது இன்னிங்ஸ், ரெட் சாக்ஸ் ஒரு ரன் பின்னால. வாக்ல (நாலு பந்து தப்பா வந்தா பேட்டருக்குச் சும்மா கிடைக்கிற முதல் பேஸ்) போன கெவின் மிலாருக்குப் பதிலா ஓட ராபர்ட்ஸ். யாங்கீஸ் பந்துவீச்சாளர் ரிவேரா மூணு தடவை முதல் பேஸுக்கே எறிஞ்சு மிரட்டினார். அடுத்து பேட்டருக்குப் போட்ட முதல் பந்துலயே, 90 அடி தள்ளி இருக்கிற ரெண்டாவது பேஸைத் திருட ஆள் கிளம்பியாச்சு! பேட்டருக்குப் பின்னாடி பந்தைப் பிடிக்கிற பொசாடா அங்கே எறிஞ்சது நல்ல எறிதான். அதைப் பிடிச்ச ஜீட்டர் டேக் வைக்கிறதுக்குள்ள (பந்தோட ஆளைத் தொட்டா அவுட்), தலைகுப்புறப் பாய்ஞ்ச ராபர்ட்ஸோட கை பேஸைத் தொட்டுடுச்சு. ரெண்டாவது பேஸ்ல இருந்ததாலதான் பில் மில்லரோட சிங்கிளுக்கு (பேட்டர் முதல் பேஸ் வரை போற அடி) ரன் வந்தது. 4-4. ஆட்டத்தை ஜெயிச்சுக் கொடுத்த ஆர்ட்டீஸோட ஹோம்ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) 12வது இன்னிங்ஸ்லதான்.

இத்தனைக்கும் அந்த பிளேஆஃப் (பட்டத்துக்கான நாக்-அவுட் தொடர்கள்) முழுக்க ராபர்ட்ஸ் ஒரு தடவைகூட மட்டை பிடிக்கலை.