சராசரியில் கரையும் அலைகள்

நரம்பியல் பிரிவில் எனக்கு வி.இ.பி. பரிசோதனை வேலை; கண்ணுக்குக் காட்டும் காட்சிக்கு மூளை தரும் மின் பதிலை அளப்பது. பின்மண்டையில் பேஸ்ட் வைத்து எலெக்ட்ரோடு ஒட்டுவோம். ஒரு கண்ணை மூடிவிட்டு, திரையில் இடம் மாறிக்கொண்டே இருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்க்கச் சொல்வோம். கட்டம் மாறிச் சுமார் 100 மில்லிசெகண்டில் பார்வைப் புறணியிலிருந்து, அதாவது பார்வையைக் கையாளும் மூளையின் மேலடுக்கிலிருந்து, ஓர் அலை எழும். அது தாமதித்தால் பார்வை நரம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்த அலை சில மைக்ரோவோல்ட்தான். மூளை தன்பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கும் அலைகளோ 50 மைக்ரோவோல்ட் வரை போகும். அதனால் 100 பதிவுகள் எடுத்துச் சராசரி பார்க்கிறோம். கட்டத்தோடு சேர்ந்து வராதவை பத்தில் ஒரு பங்காக அடங்கிவிடும். அப்படி அடங்குவதை இரைச்சல் என்று ஒதுக்கத்தான் எங்களுக்குப் பயிற்சி.

என்னால் இப்போது அப்படி ஒதுக்க முடிவதில்லை. 1996-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் அமோஸ் அரியலி, அமிராம் கிரின்வால்டு குழுவினர், மயக்கத்தில் இருந்த பூனைகளின் பார்வைப் புறணியில் மின்னழுத்தத்தைக் காட்டும் சாயமிட்டுப் படமெடுத்தார்கள். ஒரே காட்சிதான்; பதிலோ தடவைக்குத் தடவை வேறு. ஆனால் காட்சி வந்த கணத்தில் புறணி இருந்த நிலையைச் சராசரிப் பதிலோடு கூட்டியபோது, அந்தத் தடவையின் பதில் ஏறக்குறைய அப்படியே கிடைத்தது. 2003-ல் அதே குழு இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டியது. கண்ணுக்கு எதையும் காட்டாத நேரத்திலும், சாய்கோடுகளைக் காட்டினால் தோன்றும் அதே மாதிரியான வடிவங்கள் புறணியில் தாமாகவே தோன்றி மறைந்தன. கண்ணிலிருந்து வரும் செய்தி வெற்றிடத்தில் வந்து விழுவதில்லை.

இவை மயக்கத்தில் இருந்த விலங்குகள். விழித்திருக்கும் மனித மூளையில் கணக்கு வெறும் கூட்டலாக இருப்பதில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் தொடக்க நிலை பதிலை மாற்றுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. தினமும் என் கண்ணெதிரே நடக்கிறது. நோயாளி அயர்ந்தால் பதில் அலை சுருங்குகிறது.

அதனால் பதிவைத் தொடங்குமுன் ஓடும் அலைகளைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். வினாடிக்கு 8 முதல் 13 வரை துடிக்கும் ஆல்பா என்னும் மூளை அலை ஓங்கியிருந்தாலோ, மெதுவான அலைகள் தலைகாட்டினாலோ நிறுத்திவிட்டுப் பேச்சுக் கொடுப்பேன். “தூக்கம் வருதா அய்யா? நடுவுல இருக்கிற செவப்புப் புள்ளியையே பாருங்க.” வெளியே வரிசை நீளும், அதற்காக அவசரப்படக் கூடாது என்பது என் கட்சி. சராசரியோடு தனித்தனிப் பதிவுகளையும் சேமித்து வைக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.