நெறியியல் தாளில் பற்றின்மை: எதிலிருந்து விலகுவது என்பதையும் எழுதுங்கள்

இந்தியக் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 2013 முதல் இடம்பெற்றுவரும் நெறியியல் தாளைத் தமிழில் எழுதவிருப்பவர்களுக்கு, பற்றின்மை என்ற ஒரே கருத்தை நான் படித்த முறையை இங்கே சொல்ல விரும்புகிறேன். அந்தத் தாளின் பாடத்திட்டத்தில் நடுநிலைமையும் சார்பின்மையும் கேட்கப்படுகின்றன. அவற்றை அடுத்தே பொதுச்சேவையில் ஈடுபாடும், நலிந்த பிரிவினரிடம் பரிவும் கேட்கப்படுகின்றன. விலகி நிற்பதையும் நெருங்கி வருவதையும் ஒரே அலுவலரிடம் எதிர்பார்க்கும் இந்த இடத்தில்தான், பற்றின்மையைப் பற்றிய விடை அக்கறையின்மையை நியாயப்படுத்துவதுபோல் அமைந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

எனக்குத் தெளிவு தந்தது துறவு அதிகாரத்தின் முதல் குறள். 'யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்' என்கிறார் வள்ளுவர். எந்தெந்தப் பொருளிலிருந்து ஒருவன் நீங்குகிறானோ, அந்தந்தப் பொருளால் அவனுக்குத் துன்பம் இல்லை. விலகல் என்றாலே 'எதிலிருந்து?' என்ற கேள்வி உடன் வர வேண்டும் என்பதை இந்தக் குறளிலிருந்து எடுத்துக்கொண்டேன். அதன்பின் எந்தச் சிந்தனையாளரைப் படித்தாலும் இதே கேள்வியைக் கேட்டேன். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சுலோகம் விடச் சொல்வது பலன்மீதுள்ள பற்றை. செயலைக் கைவிடுவதையும் அதே சுலோகம் மறுக்கிறது. காந்தியடிகள் தம் குஜராத்தி கீதை மொழிபெயர்ப்புக்கு 'அநாசக்தி யோகம்', அதாவது பற்றின்மை யோகம், என்றே பெயரிட்டார். அது வெளிவந்த 1930ஆம் ஆண்டில்தான் தண்டிக்கு நடந்தார். பற்றின்மை செயலற்ற நிலையன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. கிரேக்க, உரோமானிய ஸ்டோயிக் தத்துவவாதிகளைப் பொறுத்தவரை, நம் கையில் உள்ளவை, இல்லாதவை என்ற பாகுபாட்டைச் சொன்னால் போதும்.

அதிக நேரம் கொடுத்துப் படிக்க வேண்டியது பொருட்பாலில் உள்ள இரண்டு குறள்களை. செங்கோன்மை அதிகாரம் 'ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை' என்று தொடங்குகிறது. குற்றத்தை ஆராய்ந்து, யாரிடத்தும் தாட்சணியம் காட்டாமல் செய்வதே முறை என்கிறது. மூன்று அதிகாரங்கள் தள்ளி, 'கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்துஇவ் வுலகு' என்று கண்ணோட்டம், அதாவது பிறரிடம் இரக்கம் காட்டுதல், என்ற அதிகாரம் பேசுகிறது. கடமை கெடாமல் இரக்கம் காட்ட வல்லவர்க்கு இவ்வுலகம் உரியது என்கிறது. முதலில் முரண் போலத் தோன்றும் இவ்விரண்டையும் சேர்த்துவைப்பது 'கருமம் சிதையாமல்' என்ற தொடர். தீர்ப்பில் கண்ணோட்டம் கலக்கக் கூடாது. தீர்ப்பை நிறைவேற்றும் விதத்தில் அது இருக்கலாம், இருக்கவும் வேண்டும் என்று நான் பொருள்கொள்கிறேன்.

ஒரு சூழலைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும் நிகழ்வாய்வு வினாக்களில் இந்தப் புரிதல் நேரடியாக உதவும். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றும் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. அங்கே ஏழைக் குடும்பங்களின் குடிசைகளும், அவருடைய உறவினரின் கட்டடம் ஒன்றும் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். 'ஆட்சியர் பற்றின்றிச் செயல்பட வேண்டும்' என்று மட்டும் எழுதினால் விடை எதையும் சொல்லவில்லை. உறவிலிருந்தும், அரசியல் அழுத்தத்திலிருந்தும், நல்ல பெயர் எடுக்கும் ஆசையிலிருந்தும் அவர் விலக வேண்டும். அந்தக் குடும்பங்களின் இழப்பிலிருந்து விலகக் கூடாது. ஆகவே உறவினரின் கட்டடத்துக்கு விலக்கு இல்லை. உறவு இருப்பதை அவர் மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்கிறார். குடிசைவாசிகளுக்கு முன்னறிவிப்பும், மாற்று வீடும், பிள்ளைகளின் பள்ளித் தேர்வு முடியும்வரை அவகாசமும் கிடைக்க ஏற்பாடு செய்கிறார். ஆக்கிரமிப்பு அகற்றப்படுகிறது, கருமம் சிதையவில்லை.

மேற்கோள் தேர்விலும் கவனம் தேவை. துறவு அதிகாரம் துறவறவியலைச் சேர்ந்தது. அது துறவியை நோக்கிப் பேசுவது. 'பிறப்பறுக்கல் உற்றார்க்கு உடம்பும் மிகை', அதாவது பிறவியை அறுக்க முயல்பவர்க்கு உடம்பும் மிகையானது, என்பது மிக உயர்ந்த கருத்தாயினும், அலுவலர் ஒருவரின் கடமையைப் பற்றிய விடையில் பொருந்தாது. 'யான் எனது என்னும் செருக்கு' என்ற குறள் பொருந்தும். உடம்பை யான் என்றும், தன்னோடு இயைபில்லாத பொருளை எனது என்றும் கருதும் மயக்கம் என்று உரையாசிரியர் பரிமேலழகர் விளக்குவதை, பதவியைத் தன் உடைமையாகக் கருதும் மனநிலைக்கு நீட்டிக் காட்டலாம். 150 சொற்களில் எழுத வேண்டிய பத்து மதிப்பெண் வினாவில், இதையும் கண்ணோட்டக் குறளையும் தவிர மூன்றாவது மேற்கோளுக்கு இடமிருக்காது.