நினைக்காதேன்னு சொல்லாதீங்க, வேலை கொடுங்க

திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்குக் கப்பல் ஏறும்வரை பார்த்துக்கொள்பவராக, இருப்பவர்களுக்குப் படபடப்பு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. துணி இன்னும் சாயப்பட்டறையிலேயே கிடக்கிறதே, சரக்கு வாங்கும் பையர் கலர் ஷேடு சரியில்லை என்பானோ, கண்டெய்னர் தூத்துக்குடி போய்ச் சேருமா, சேர்ந்தாலும் கப்பலைப் பிடிக்குமா என்று ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு உட்கார்ந்து கணக்குப் பார்க்கும். அந்த நேரத்தில் யாருக்குப் போன் போட முடியும்?

"அதையே நினைக்காதே" என்பார்கள். இதைவிட உதவாத யோசனை கிடையாது. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைப்பு வந்தால் மணி அடியுங்கள் என்று சிலரிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்கச் சொன்னவர்களைவிட, முதலில் அடக்கி வைத்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது.

எங்க அம்மிச்சி, அதாவது அம்மாவோட அம்மா, நான் கவலையா இருக்கும்போது என் மூஞ்சியைப் பார்த்ததுமே, "ஏங் கண்ணு, அந்த எருமைக்குத் தண்ணி காட்டிட்டு வந்துரு" என்பார். கவலைப்படாதே என்று ஒரு வார்த்தை வராது.

எந்த வேலை என்பதும் முக்கியம். ரீல்ஸ் தள்ளினால் விரல்தான் ஓடும், மனசு பழைய இடத்திலேயே நிற்கும். கவலை பெரும்பாலும் உள்ளுக்குள் பேச்சாக ஓடுவதால், அந்தப் பேச்சுக்கே வேறு வேலை வைக்கணும். நான் கோயமுத்தூர்–ஈரோடு பாசஞ்சர் ரயில் நிற்கும் ஸ்டேஷன்களைச் சொல்வேன். இருகூர், சூலூர் ரோடு, சோமனூர், வஞ்சிபாளையம், திருப்பூர் என்று நேராகச் சொன்னால் நாக்கு தானாக ஓடிவிடும், பிரயோஜனமில்லை. ஈரோட்டிலிருந்து தலைகீழாக வந்தால் ஈங்கூர் முதலிலா விஜயமங்கலமா என்று தடுக்கும் பாருங்கள், அந்தத் தடுக்கல்தான் வேணும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கலாம் என்பார்கள், கணக்கெழுதும் ஆட்களுக்கு அதுவும் தானாக ஓடிவிடும், சரிவராது.

சில கவலை நிஜமாகவே பார்க்க வேண்டியது. தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1983-இல் அதற்கு ஒரு வழியை எழுதினார்கள்: கவலைப்படுவதற்கென்றே தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி; இடையில் வருவதையெல்லாம் அதற்குத் தள்ளிப்போடுவது. எனக்குச் சாயங்காலம், மொட்டை மாடி, ஒரு நோட்டு. பாதி அதற்குள் ஆறிப்போயிருக்கும், மீதியில் பல சாயப்பட்டறைக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்றால் ஸ்டேஷன் பெயரெல்லாம் போதாது, டாக்டரைப் பாருங்க. அதுவரை பேச ஆள் வேணும்னா அரசின் மனநல உதவி போன் சேவை டெலி மானஸ் இருக்கிறது, 14416, காசு கிடையாது, நடுராத்திரியிலும் தமிழிலேயே பேசலாம்.