ஆயிரம் அடி போர்வெல்லும் ஆறாயிரம் மீட்டர் கடலும்

கோவையில் போர்வெல் மோட்டார் கழற்றி மாட்டிப் பழகியவர்களுக்கு ஆழ்கடல் கலத்தின் பாதி விஷயம் சொல்லாமலே புரிந்துவிடும். சென்னை என்.ஐ.ஓ.டி. (தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம்) உருவாக்கும், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்கு இறங்கும் மத்ஸ்யா 6000 கலம் பற்றி எல்லாரும் பேசுவது அந்த டைட்டானியம் உருண்டையைத்தான்: விட்டம் 2.1 மீட்டர், சுவர் கனம் 80 மில்லிமீட்டர், உள்ளே மூன்று பேர். 6000 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறத்தாழ 600 கிலோ அழுத்தும். அதைத் தாங்குவது உருண்டையின் பொறுப்பு.

வெளியே இருக்கும் மோட்டார், வால்வு, ஜங்ஷன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் அதே மாதிரி தடிச்சுவர் வைத்தால் கலம் எடை தாங்காது. அதனால் இவ்வகைக் கலங்களில் பெரும்பாலும் அவற்றுக்குள் எண்ணெயை நிரப்பி, அழுத்தத்தை உள்ளேயும் வரவிடுகிறார்கள். உள்ளும் புறமும் ஒரே அழுத்தம் என்றால் மெல்லிய கூடே போதும். தண்ணீர் நிரப்பும் நம்மூர் சப்மெர்சிபிள் மோட்டாரில் அடியில் அழுத்தத்துக்கேற்ப வளையும் ரப்பர் சவ்வு (டயாப்ரம்) இருப்பதும் கிட்டத்தட்ட இந்தச் சங்கதிதான். அதில் தண்ணீர் ஊற்றும்போது நிமிர்த்தி வைத்து, குமிழி அடங்கும்வரை பொறுத்து, மறுபடி ஊற்றி பிளக் போடுகிறோம். அவசரப்பட்டால் சுழலும் தண்டைத் தாங்கும் புஷ்ஷும் திரஸ்ட் பேரிங்கும் காய்ந்து தீய்ந்துவிடும்.

கடலில் இந்தப் பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும். எண்ணெயும் சுருங்கும். 600 பாரில் (சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ அதே 600 கிலோ) 3 முதல் 4 சதவீதம். மேற்பரப்பின் 30 டிகிரியிலிருந்து அடியின் 2 டிகிரிக்குப் போகையில் இன்னொரு 2 சதவீதம். பத்து லிட்டர் கொள்ளும் பெட்டிக்கு அரை லிட்டருக்கு மேல் ஈடுகட்ட வேண்டும். அதற்குத்தான் கூடுதல் எண்ணெயை இருப்பு வைத்துத் தள்ளிக் கொடுக்கும், ஸ்பிரிங் வைத்த காம்பென்சேட்டர். வெளியழுத்தத்தைவிட உள்ளே அரை பார் அளவு கூடுதலாக வைத்தால், கசிந்தாலும் எண்ணெய் வெளியே போகுமே தவிர உப்புத்தண்ணீர் உள்ளே வராது. எண்ணெயில் சிக்கிய காற்றோ அங்கே சுருங்கி அநேகமாகக் காணாமலே போய்விடும். அந்த இடம் முழுவதையும் காம்பென்சேட்டர் நிரப்ப வேண்டும். இருப்பு தீர்ந்தால் அதன் டயாப்ரம் கிழியும். வேக்குவம் போட்டு எண்ணெயிலிருக்கும் காற்றை எடுத்துவிட்டு, பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்து நிரப்புவது அதனால்தான்.

கேமரா, எலக்ட்ரானிக்ஸ் இருக்கும் காற்றுப் பெட்டிகளில் கதையே மூடி இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில்தான். 5.3 மில்லிமீட்டர் தடிமன் ரிங்குக்கு மூடியில் குரூவ் (ரிங் உட்காரும் பள்ளம்) ஆழம் சுமார் 4.2. லேத்தில் வரும் வட்டக் கோடுகள் லேசாக இருந்தால் பரவாயில்லை, ரிங்கோடு சேர்ந்தே ஓடும். எமரித் தாளைக் குறுக்கே இழுத்தால் விழும் ஒரு கீறல் போதும், தண்ணீருக்கு வழி. பட்டறையில் கை துடைக்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட்டை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஒரு நூலிழை ரிங்கின் கீழே சிக்கினாலே கசியும். பழைய ரிங்கை ஸ்குரூ டிரைவரால் நெம்புகிறவர்கள் குரூவையும் சேர்த்தே கெடுக்கிறார்கள். கிரீஸ் மினுமினுப்பு தெரிகிற அளவுக்குப் போதும். அப்பிவைத்தால் தூசிதான் ஒட்டும். உயர் அழுத்தத்தில் 70 ஷோர் (ரப்பரின் கடினத்தன்மை அளவு) ரிங் இடுக்கில் பிதுங்கி நறுங்கும்; 90 ஷோரோ, பிதுங்காமல் தடுக்கும் பேக்கப் ரிங்கோ வேண்டும்.

பலரும் எதிர்பார்க்காத ஒன்று: கசிவு பெரும்பாலும் முதல் சில பத்து மீட்டரிலேயே காட்டிவிடும். ஆழம் போகப்போக அழுத்தமே ரிங்கைத் தள்ளி உட்காரவைக்கிறது. ஆகவே இறக்கும் முன் பெட்டியில் வேக்குவம் இழுத்து, அரை மணி நேரம் கேஜ் முள்ளைப் பார்ப்பது நல்லது. முள் மெல்ல நகர்ந்தால் போல்ட்டை இன்னும் முறுக்கிப் பயனில்லை. திறந்து, துடைத்து, புது ரிங் போட்டு மறுபடி முதலிலிருந்து.